பனிமலையில் நமக்கும் ஒரு கூடாரம்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

நம் ஊர் பனிமய மாதாவின் ஊர். ஆனால் இவ்வூரில் பனி பெய்து பார்த்தவர் எவருமில்லை. நான்காம் நூற்றாண்டில், உரோமை நகரில் ஆகஸ்டு மாதக் கோடையிலே எஸ்குலின் குன்றின்மீது பனி பெய்தது என்றும், அவ்விடத்தில் அன்னைக்கு ஆலயம் எழுந்தது என்றும் மரபு கூறுகிறது. அந்த அன்னையின் திருச்சுரூபம் 1555-ஆம் ஆண்டில் மணிலாவிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்தது என்பதும் மரபு. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5-ஆம் நாள், வெயிலிலும் புழுக்கத்திலும் நின்று நாம் கொண்டாடும் பெருவிழா ஒரு பனியின் பெயரைத் தாங்கிய விழாவாகும். ஆயினும் "பனி" என்றதும் நம் நினைவுக்கு வருவது மார்கழி விடியற்காலையில் முற்றத்தை நனைக்கும் ஈரம் மட்டுமே.

தோழியரே, குளிர்காலத்தில், முதுகில் பையைச் சுமந்து, இமயமலைச் சரிவிலே பனியில் நடந்து, கூடாரமடித்துச் சில இரவுகள் தங்கி வருவதற்கு நம் நாட்டில் ஏராளமான இளைஞர் செல்கின்றனர். உத்தரகாண்ட மாநிலத்தில் உத்தரகாசி மாவட்டத்திலுள்ள கேதார்காந்தா என்னும் மலை ஏறத்தாழ 12,500 அடி உயரமுடையது. டிசம்பர் முதல் மார்ச் வரை, முதன்முறை செல்பவர்களும் சாங்க்ரி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு அதன் உச்சியை அடைகிறார்கள். இத்தகைய பயணம் நம் போன்ற கடற்கரைப் பெண்பிள்ளைகளுக்கு வேண்டுமா? வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களையும், எதிர்ப்புகளுக்கு என் விடைகளையும் இங்கே எழுதுகிறேன்.

சுமை யாருக்குப் புதிது?

"பெண்பிள்ளைகள் பத்துக் கிலோ பையைச் சுமந்து மலையேற முடியுமா?" என்பது எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. கேட்பவர்கள் ஒரு நாள் நம் ஊர் உப்பளங்களுக்குச் சென்று பார்க்கட்டும். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, உப்பு நீரில் கால் புண்ணாக நின்று, உப்பைச் சுமந்து அம்பாரம் குவிப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர்! வெண்மையான உப்பின்மீது பட்டுத் தெறிக்கும் வெயிலால் அவர்கள் கண்கள் கெடுகின்றன. பனிமலை செல்வோரும் இதே போன்ற ஒளிக்கு அஞ்சியே கறுப்புக் கண்ணாடி அணிகிறார்கள். அணியாவிடில் சில மணி நேரத்தில் பனிக்குருடு என்னும் கண்நோய் வரும்.

கூலிக்காகப் பெண் சுமக்கும்போது, "உன்னால் முடியுமா?" என்று எவரும் கேட்பதில்லை. தன் விருப்பத்திற்காக, தன் துணியையும் உணவையும் தானே சுமந்து ஒரு மலையைக் காண அவள் விரும்பினால் மட்டும் ஊரே கேட்கிறது. அப்படியானால் தடையாக நிற்பது நம் உடல் வலிமைக் குறைவா, அல்லது நம் விருப்பத்திற்கு மதிப்பில்லாமையா? இதைப் பெரியவர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

முன்னே சென்றவர்கள்

ஜப்பான் நாட்டு ஜுன்கோ தபே என்பவர் 1969-இல் பெண்களுக்கென ஒரு மலையேற்றச் சங்கம் தொடங்கினார். எவரெஸ்டுக்குப் பணம் கேட்டுப் போனபோது, வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்க்கும்படி அவர்களுக்குப் புத்திமதி கூறப்பட்டது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. பழைய கார் இருக்கைகளின் உறையைக் கொண்டு கையுறைகள் தைத்துக் கொண்டார்கள். 1975 மே மாதத் தொடக்கத்தில் இரவில் பனிச்சரிவு ஒன்று அவர்கள் கூடாரத்தை மூடியது. தோண்டி மீட்கப்பட்ட தபே, பன்னிரண்டு நாட்களுக்குப் பின், மே 16-ஆம் நாள், எவரெஸ்டு உச்சியில் நின்ற முதல் பெண்மணி ஆனார்.

நம் நாட்டில் அப்பெருமையை முதலில் பெற்ற பெண் பச்சேந்திரி பால். அவர் உச்சியை அடைந்தது 1984 மே 23-ஆம் நாள். சரியாக 39 ஆண்டுகளுக்குப் பின், 2023-இல் அதே மே 23-ஆம் நாள், தமிழ்நாட்டுப் பெண்களில் முதல்வராக முத்தமிழ்ச்செல்வி அங்கே நின்றார். அவர் நம் அண்டை மாவட்டமான விருதுநகரைச் சேர்ந்தவர்; சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்தவர்; குழந்தைகளின் தாய். அவருக்குச் சில நாட்கள் முன்பு அதே உச்சியை அடைந்த இராஜசேகர் பச்சையோ சென்னையை அடுத்த கோவளம் என்னும் மீனவர் கிராமத்தவர்; கடலில் அலைச்சறுக்குக் கற்பித்தவர். கடற்கரையில் பிறந்தவருக்கு மலை பொருந்தாது என்று இனி யார் கூற முடியும்?

நம் வயதுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தெலுங்கானாவில் வெப்பமிகுந்த நிசாமாபாத் பகுதியில் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த பூர்ணா மாலாவத், அரசு சமூகநல உறைவிடப் பள்ளி மாணவி. முதலில் புவனகிரிப் பாறையில் ஏறிப் பழகி, பின்பு டார்ஜிலிங்கிலும் லடாக்கிலும் பயிற்சி பெற்று, 2014 மே 25-ஆம் நாள் எவரெஸ்டில் ஏறினார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது நிறையவில்லை. நாமெல்லாம் எவரெஸ்டுக்குப் போக வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் அவருக்குத் துணை நின்றது செல்வம் அன்று, ஒரு பள்ளி என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடலும் மலையும்

நம் முன்னோர் முத்துக்குளித்தவர்கள். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல் என்று கூறுவர். கல்லைக் காலில் பற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கிச் சிப்பி சேகரித்து, கயிற்றை அசைத்தவுடன் மேலே இழுக்கப்பட்டு வருவார்கள். படகில் கயிறு பிடிப்பவர் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டுமென்பதால், மனைவியின் உடன்பிறந்தானையே அவ்வேலைக்கு வைத்ததாக முதியோர் கூறுவர். பனிமலையிலும் அவ்வாறே ஒரே கயிற்றில் பலர் இடுப்பைப் பிணைத்துக் கொள்கிறார்கள். ஒருவர் வழுக்கினால் மற்றவர் தாங்க வேண்டும்.

அறிவியல் பாடத்தில் படித்ததையும் இங்கே நினைவுகூரலாம். கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் நம்மீது அழுத்தம் இரு மடங்காகிறது. மலையில் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் பாதியாகக் குறைகிறது. கீழே போனவருக்கும் மேலே போனவருக்கும் மூச்சுத்தான் சோதனை. ஆகவே அவசரப்படுபவருக்கு இரண்டு இடத்திலும் ஆபத்தே. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மலையேறுவோர் விதி. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் கண்டால் அதற்கு மேல் ஏறலாகாது. குறையாவிட்டால் உடனே கீழே இறங்க வேண்டும். அந்த நோய்க்கு இறங்குவதே முதல் மருந்து.

கூடாரம் கற்பிக்கும் பாடம்

பனியில் ஓர் இரவு தங்குவதற்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்று பாருங்கள். முதலில், பனிச்சரிவு விழக்கூடிய செங்குத்தான சாய்வின் கீழே கூடாரம் அடிக்கலாகாது. மெத்தென்றிருக்கும் பனியைக் காலால் மிதித்து இறுக்கிச் சற்று நேரம் விட்டால்தான் தரை உறுதிப்படும். உடலின் சூட்டைக் காற்றைவிட அதிகமாகத் திருடுவது தரை. ஆதலால் போர்வைக்குச் செலவிடும் கவனத்தைக் கீழே விரிக்கும் பாய்க்கும் செலவிட வேண்டும். நமக்குப் பழக்கமான பருத்தித் துணி அங்கே பகைவன். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்து உடலைக் குளிரவைக்கும். கம்பளியே நண்பன். தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் பல அடுக்காக அணிவது மேல்.

தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைத்து உறங்குவார்கள். நீர் மேலிருந்து உறைவதால், காலையில் நிமிர்த்தும்போது மூடியிருக்கும் பக்கம் உறையாமல் இருக்கும். குளிருக்குப் பயந்து மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டினால் நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். 3,800 மீட்டர் உயரத்தில் நீர் 90 பாகைக்கும் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு எளிதில் வேகாது. "கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது" என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அதைப் பசியோடு அடுப்பருகே அமர்ந்து கற்றவள் என்றும் மறப்பாளா?

இவற்றைவிடப் பெரிய பாடமும் உண்டு. கூடாரத்தில் மூன்று பேர் படுத்தால் ஒருத்தியின் ஈரக் காலுறை மூவருக்கும் துன்பம். மெதுவாக நடப்பவளின் வேகமே குழுவின் வேகம். வகுப்பில் முதலிடத்திற்குப் போட்டியிடப் பழகிய நமக்கு, கடைசியில் வருபவளுக்காகக் காத்து நிற்பது புதுப் பாடமே.

ஆபத்து இல்லையா?

"கடலோரத்தில் சுகமாயிருக்கும் பிள்ளைக்குப் பனியில போய்ப் படுக்க என்ன தலைவிதி?" என்று என் ஆச்சி கேட்கிறார். இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. அன்பிலிருந்து எழும் கேள்வி அது. 2022 அக்டோபர் 4-ஆம் நாள், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் குழுவினர் திரௌபதி கா தண்டா என்னும் சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கினர். இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர், அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டு, மக்காலு இரு சிகரங்களையும் பதினாறு நாட்களுக்குள் ஏறிய சவிதா கன்ஸ்வால் என்னும் இளம்பெண். தேர்ந்தவர்களுக்கே இக்கதி என்றால் நம்மைப் பெற்றவர்கள் அஞ்சுவது நியாயமே.

ஆயினும் 2017-இல் ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர் பலர் கரை திரும்பாதபோது, "இனிக் கடலுக்கே போகாதீர்கள்" என்று எவரும் கூறவில்லை. முன்னெச்சரிக்கை உரிய காலத்தில் வேண்டும், நடுக்கடலிலும் செய்தி எட்ட வேண்டும் என்றே கேட்டார்கள். பிழைப்புக்காகப் போவதும் விரும்பிப் போவதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். ஒன்றாகாது. பிழைப்புக்காகப் போகிறவருக்குப் பல நேரங்களில் வேறு வழியில்லை. விரும்பிப் போகிற நாமோ இடத்தையும் காலத்தையும் தேர்ந்துகொள்ள முடியும். வானம் கறுத்தால் உச்சியை விட்டுத் திரும்பி வரவும் முடியும். ஆகவே நாம் இன்னும் கூடுதலான கவனத்துடன் போகக் கடமைப்பட்டவர்கள். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழத்தை அறிந்துகொள்ளவே கூடாது என்று அதற்குப் பொருளல்ல.

என் கோரிக்கை

டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையமும், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு நிலையமும் பெண்களுக்கும் பயிற்சி அளிக்கின்றன. இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் குறைந்த கட்டணத்தில் மலைப்பயண முகாம்கள் நடத்துகிறது. தேசிய மாணவர் படையிலும் மலையேற்றப் பயிற்சி உண்டு. வாயில்கள் திறந்தே இருக்கின்றன. அங்கே போய்ச் சேர வழிதான் நமக்குத் தேவை.

அவ்வழியை நம்மைப் போன்ற பள்ளிகளே அமைக்கலாம். முதல் ஆண்டில், பையைச் சுமந்து கடற்கரை மணலில் வாரம் ஒரு நாள் நடை. பின்பு வனத்துறையின் அனுமதி பெற்று வல்லநாட்டுக் குன்றில் ஒரு நாள். அடுத்த டிசம்பரில், புல்லின்மீது உறைபனி படியும் கொடைக்கானலில் ஆசிரியைகளின் மேற்பார்வையில் கூடாரத்தில் இரண்டு இரவுகள். மருத்துவச் சான்றும், பெற்றோர் முழுமனதோடு தரும் ஒப்புதலும் பெற்றவர்கள் மூன்றாம் ஆண்டில் பெண் பயிற்சியாளரோடு பனிமலைக்குச் செல்லட்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். இது வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசப் பயணமாக ஆகிவிடக் கூடாது. கூடாரம், உறக்கப்பை, கம்பளி உடை, காலணி எல்லாம் பள்ளியின் பொதுவுடைமையாக இருந்து, ஆண்டுதோறும் கைமாறட்டும். முன்னாள் மாணவியர் உதவினால் உப்பளத் தொழிலாளியின் மகளும், மீனவரின் மகளும், துறைமுகத்தில் பாரம் ஏற்றுபவரின் மகளும் ஒரே கூடாரத்தில் உறங்குவார்கள். தாய் உப்பைச் சுமந்த தோளின் வலிமை மகளின் தோளிலும் இருக்கிறது. தனக்காக ஒரு முறை அதைப் பயன்படுத்திப் பார்க்க அவளுக்கு வாய்ப்பளிப்போம்.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, எங்களை ஆபத்துக்கு அனுப்பும்படி நாங்கள் கேட்கவில்லை. பயிற்சிக்கு அனுப்பும்படியே கேட்கிறோம். இவ்விதழ் வெளியாகும் ஆண்டிலேயே வாரத்துக்கு ஒரு நாள் நடையையாவது தொடங்கி வையுங்கள். மற்றவை ஓரடிக்குப் பின் ஓரடியாகத் தாமே வரும்.