வீணாவது வெப்பம் மட்டுமல்ல!

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் சந்திரயான்-3 தரையிறங்கியபோது நாடே பெருமிதம் கொண்டது. செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே இரவு நெருங்கியது. லேண்டரும் ரோவரும் உறக்க நிலைக்கு அனுப்பப்பட்டன. இரு வாரங்கள் கழித்துச் சூரியன் மீண்டும் எழுந்தது, அவை எழவில்லை. நிலவின் ஒரு பகற்பொழுதுக்காகவே அவை வடிவமைக்கப்பட்டன என்பதால் இதைத் தோல்வி என்று யாரும் கூற முடியாது.

ஆனால், 1977-ல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் விண்கலங்கள், சூரிய ஒளி மங்கிப்போன தொலைவிலிருந்தும் 45 ஆண்டுகளைக் கடந்து செய்தி அனுப்பி வந்துள்ளன. அவற்றுக்கு உயிர் கொடுப்பது சூரியத் தகடு அல்ல. புளூட்டோனியம் வெளியிடும் வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக மாற்றும் சிலிக்கன்-ஜெர்மானியக் குறைக்கடத்திகள். செவ்வாயில் 2012-ல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியிலும் இதே தத்துவம்தான்.

இந்தக் கருவிக்கு வெப்ப மின்னாக்கி என்று பெயர். ஒரு குறைக்கடத்தித் துண்டின் ஒரு முனையைச் சூடாக்கி, மறுமுனையைக் குளிர்ச்சியாக வைத்தால் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் பிறக்கிறது. இதற்கு அடிப்படையான விளைவை ஜெர்மனியின் தாமஸ் சீபெக் 1821-ல் கண்டறிந்தார். நீராவி வேண்டாம், சுழலி வேண்டாம், ஓசையும் இல்லை, தேய்மானமும் குறைவு.

இத்தனை எளிய தத்துவம் ஏன் பரவலாகவில்லை? சிக்கல் பொருளில் இருக்கிறது. இதற்கான குறைக்கடத்தி மின்சாரத்தை நன்கு கடத்த வேண்டும். வெப்பத்தைக் கடத்தக் கூடாது. செம்பு இரண்டையும் கடத்தும்; கண்ணாடி இரண்டையும் தடுக்கும். ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் கடத்தும் பொருள் அரிது. இத்திறனை அளக்க விஞ்ஞானிகள் வைத்திருக்கும் தகுதி எண், பல பத்தாண்டுகளாக ஒன்றைச் சுற்றியே நின்றது.

அந்தத் தடையைத் தாண்டியவர்களில் இந்தியர்களும் உண்டு என்பதுதான் நாம் மறந்துவிட்ட செய்தி. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கனிஷ்கா விஸ்வாஸ் தலைமையிலான குழு, வெள்ளி-ஆன்டிமனி டெல்லூரைடு என்ற சேர்மத்தில் சிறிதளவு காட்மியம் சேர்த்து, அணுக்களின் அடுக்கை ஒழுங்குபடுத்தியது. சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் தகுதி எண் ஏறத்தாழ 2.6 என்று 2021 பிப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளியான அக்குழுவின் கட்டுரை கூறியது. இத்துறையில் உலகின் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்க சாதனை இது. தில்லியில், தமிழகம் தந்த இயற்பியல் மேதை கே.எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய பொருள்கள் குறித்து ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடந்து வருகிறது.

அதற்குப் பிறகு என்ன? இந்தக் கேள்விக்கான பதில்தான் கவலை அளிக்கிறது.

நல்ல பொருள் கிடைத்துவிட்டால் மின்னாக்கி கிடைத்துவிடாது. எதிரெதிர் மின்தன்மை கொண்ட இருவகைக் குறைக்கடத்திகளை இணை இணையாக நிறுத்த வேண்டும். அவற்றை உலோகத் தகட்டுடன் பற்றவைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான முறை சூடேறிக் குளிர்ந்தாலும் அந்த இணைப்பு விரிசல் காணக் கூடாது. உலோக அணுக்கள் குறைக்கடத்திக்குள் ஊடுருவவும் கூடாது. இந்த வேலைக்கு ஆண்டுக்கணக்கான பொறுமையும் சோதனைக் கூடமும் தேவை. புகழ்பெற்ற இதழில் இடமோ, அதனால் வரும் பதவி உயர்வோ இதில் எளிதில் கிட்டாது. எனவே, நம் கண்டுபிடிப்புகள் ஆய்வுக்கூடத்தில் பிறந்து ஆய்வுக் கட்டுரையிலேயே அடங்கிவிடுகின்றன.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சந்தையில் கிடைக்கும் வெப்ப மின்னாக்கிகள் தமக்குக் கிடைக்கும் வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவையே மின்சாரமாக்குகின்றன. நல்ல அனல்மின் நிலையம் மூன்றில் ஒரு பங்கை மாற்றுகிறது. சிமென்ட் ஆலைகளில் வீணாகும் வெப்பத்திலிருந்து நீராவி வழியே மின்சாரம் எடுக்கும் முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. ஆகவே, நாட்டின் மின்பற்றாக்குறையை இது தீர்த்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

இதன் இடம் வேறு. மின்கம்பி எட்டாத, ஆள் சென்று பழுது பார்க்க முடியாத இடங்களே இதற்கு உரியவை. 1950-களில் சோவியத் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் வெப்பத்திலேயே வானொலிப் பெட்டி இயங்கியது. 1984 முதல் சியாச்சின் பனிமலையில் காவல் காக்கும் நம் வீரர்கள் குளிர்காய எரிக்கும் அடுப்பின் வெப்பத்தில் ஒரு பகுதி, அவர்களது தகவல் தொடர்புக் கருவிக்கு மின்சாரம் தர இயலாதா? தொலைதூர எரிவாயுக் குழாய்களைத் துருப்பிடிக்காமல் காக்கும் மின்சாரத்தை இத்தகைய மின்னாக்கிகள் பல நாடுகளில் வழங்குகின்றன. நம் நாட்டிலும் தேவை இல்லாமலில்லை. 100 வாட் திறன் கொண்ட அணுவெப்ப மின்னாக்கியை உருவாக்க 2021-லேயே இஸ்ரோ இந்திய நிறுவனங்களின் விருப்பத்தைக் கேட்டிருந்தது.

இந்தத் தேவைகளை வெளிநாட்டுச் சந்தையில் வாங்கித் தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோருக்கு 2025 பிப்ரவரி ஓர் எச்சரிக்கை. அந்த மாதம் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு அறிவித்த உலோகங்களில் பிஸ்மத்தும் டெல்லூரியமும் இருந்தன. சந்தையில் உள்ள வெப்ப மின்னாக்கிகளில் பெரும்பாலானவை பிஸ்மத் டெல்லூரைடால் ஆனவை என்பதை நினைவில் கொண்டால் இதன் பொருள் விளங்கும். ஜெர்மானியத்துக்கு 2023-லும் ஆன்டிமனிக்கு 2024-லும் இதே கதிதான்.

இந்த நான்கு தனிமங்களுமே மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் உள்ளன. பட்டியலிட்டால் மட்டும் கனிமம் கிடைத்துவிடாது. டெல்லூரியம் பெரும்பாலும் தாமிரச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடிலிருந்தும், பிஸ்மத் காரீயச் சுத்திகரிப்பிலிருந்தும் கிடைப்பவை. பிற நாடுகளின் சுரங்கங்களைத் தேடி ஓடும் அதே வேகத்தில், நம் ஆலைகளின் கசடுகளில் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு மீட்கப்படுகிறது என்பதையும் கணக்கிட வேண்டாமா?

இனி கொள்கைக்கு வருவோம். ரூ.76,000 கோடியில் குறைக்கடத்தித் திட்டத்துக்கு மத்திய அரசு 2021 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 ஆகஸ்ட் வரை அதன்கீழ் அனுமதி பெற்ற 10 திட்டங்களில் வெப்ப மின்னாக்கிக்கான குறைக்கடத்தி ஒன்றுகூட இல்லை. குறைக்கடத்தி என்றால் கணினிச் சில்லு மட்டுமே என்ற எண்ணம் தில்லியின் அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. 2025 ஜூலையில் அமைச்சரவை ஏற்ற ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதியோ, தொழில்நுட்ப முதிர்ச்சியின் ஒன்பது படிகளில் நான்காவது படியை எட்டியவற்றுக்கே கை கொடுக்கிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த நான்காவது படி வரை ஏற்றிவிடுவது யார் பொறுப்பு?

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, பொருளைக் கண்டறியும் ஆய்வகங்கள் அனைத்துக்கும் பொதுவான மின்னாக்கித் தயாரிப்புச் சோதனைக் கூடம் ஒன்றை அரசே நிறுவ வேண்டும். இதற்குச் சில்லு ஆலைக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே போதும். இரண்டாவதாக, ராணுவம், விண்வெளித் துறை, எரிவாயு நிறுவனங்கள் ஆகியவை இதன் முதல் வாடிக்கையாளர்களாக முன்வர வேண்டும். வாங்குவார் இல்லாத பொருளை எந்தத் தொழில்முனைவோரும் தயாரிக்க மாட்டார். மூன்றாவதாக, டெல்லூரியமும் காரீயமும் இல்லாத, மக்னீசியம், சிலிக்கன் போன்ற எளிதில் கிடைக்கும் தனிமங்களைக் கொண்ட பொருள்களுக்கு ஆய்வு நிதியில் முன்னுரிமை தரப்பட வேண்டும்.

உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிட்டதாக 2020-21-ம் ஆண்டின் கணக்கு கூறும் நாடு இது. அந்தச் சிறு தொகையில் விளைந்த அறிவையும் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, அதே கருவியை நாளை அயல்நாட்டிடம் விலைக்கு வாங்குவோமானால், குற்றம் விஞ்ஞானிகளுடையது அல்ல, ஆட்சியாளர்களுடையது.