இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்

2016 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலை இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து, இரண்டாவது மாடி, வாடகை வீடு. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா, புது பீரோ வாங்கப் போறியா? வைக்க எடம் ஏது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. இடம் ஏது என்பதைத்தான் நானும் அளந்துகொண்டிருந்தேன்.

எச்டிசி வைவ் என்ற விஆர் ஹெட்செட்டுக்கு அப்போதுதான் முன்பதிவு தொடங்கியிருந்தது. பிப்ரவரி 29 அன்று ஆரம்பம், விலை 799 டாலர். அதை மாட்டிக்கொண்டு நடமாட வேண்டுமானால் குறைந்தது இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் காலித் தரை வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்லியிருந்தார்கள். சுவரின் எதிரெதிர் மூலைகளில், உயரத்தில், இரண்டு சின்னப் பெட்டிகளைப் பொருத்த வேண்டும். எங்கள் வீட்டு ஓனர் காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே படியேறி வந்துவிடுவார்.

ஹாலில் திவான், டிவி ஸ்டாண்டு, சமையலறையில் இடமில்லாமல் வெளியே வந்துவிட்ட ஃப்ரிட்ஜ், அயர்ன் பண்ணவேண்டிய துணிக் குவியல், தாத்தாவின் ஈஸி சேர். டீப்பாயைத் தூக்கி பால்கனியில் போட்டால் கணக்குச் சரியாக வந்தது. இரண்டுக்கு ஒன்றரை. இரட்டைப் பாய் விரிக்கிற இடம். எங்கள் வீட்டில் அந்த இடம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் காலியாகும். அப்போது அதில் பாட்டியும் நானும் படுத்திருப்போம்.

அந்த ஹெட்செட்டை நான் வாங்கவில்லை. வாங்கும் காசும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து உற்சாகத்தைப் பற்றி அன்றும் இன்றும் எழுதப்படுகிறவற்றைப் படிக்கும்போது எரிச்சலாக வருகிறது. ஒரு பக்கம், "எதிர்காலம் வந்துவிட்டது" என்று கூவுகிறவர்கள். இன்னொரு பக்கம், "இளைய தலைமுறை மாயையில் மூழ்குகிறது" என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள். இந்த இரண்டு கோஷ்டியும் ஒரு தடவைகூட வீட்டை அளந்து பார்த்ததில்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் ஒரு கருவிக்காக ஏங்கிக்கொண்டிருந்த பையன்களும் பெண்களும் உண்மையில் ஏங்கியது ஒரு அறைக்காக. இதைச் சொல்லாமல் விஆர் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு என்பது என் கட்சி.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2012 ஆகஸ்டில் பால்மர் லக்கி என்ற இளைஞரின் ஓக்குலஸ் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் இரண்டரை லட்சம் டாலர் கேட்டது. இருபத்து நாலு லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை இருநூறு கோடி டாலர் மதிப்புக்கு வாங்குவதாக அறிவித்தது. நம்பிக் காசு கொடுத்தவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. கிக்ஸ்டார்ட்டரில் அது நன்கொடைக்கும் முன்பணத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பிறகு, ஆரம்பத்திலேயே சோதனைக் கருவிக்குப் பணம் கட்டியவர்களுக்கு முழு ஹெட்செட்டை இலவசமாகத் தந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

2016 ஜனவரி 6 அன்று ஓக்குலஸ் ரிஃப்ட்டுக்கு முன்பதிவு திறந்தது. 599 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 40,000 ரூபாய். அதை ஓட்டத் தேவையான கிராபிக்ஸ் கார்டும் கம்ப்யூட்டரும் தனிச் செலவு. பதிவு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டெலிவரி தேதி மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்கும், அப்புறம் இன்னும் தள்ளியும் போனது. முதல் கருவியை பால்மர் லக்கியே அலாஸ்காவுக்குக் கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுத்தார். மற்றவர்களுக்கு உதிரிபாகத் தட்டுப்பாடு என்று மின்னஞ்சல் வந்தது. பணம் கட்டியவர்கள் காத்துக்கொண்டிருக்கும்போதே, மே மாதம் அமெரிக்கக் கடைகளில் அது விற்பனைக்கு வந்தது. வரிசையில் நின்றவன் கண்ணெதிரே பின்வாசல் வழியாகச் சரக்கு போன கதை. ரேஷன் கடை பார்த்த நமக்கு இது புதிதல்ல.

ஆனால் நமக்கு அந்த வரிசையில் நிற்கும் பாக்கியமே இல்லை. ரிஃப்ட் முன்பதிவு இருபது நாடுகளுக்குத்தான், இந்தியா அதில் கிடையாது. இங்கிருந்தவர்களுக்கு அமெரிக்காவில் இருக்கும் அத்தை பையன்தான் கதி. அவன் முகவரிக்கு வரவழைத்து, அவன் எப்போது ஊருக்கு வருகிறானோ அப்போது பெட்டியில், பாதாம் பாக்கெட்டுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் வரும். வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்கும் வழியில்லாதவர்களுக்கு கூகுள் 2014-இல் காட்டிக்கொடுத்த அட்டைப்பெட்டி: இரண்டு லென்ஸ், கொஞ்சம் அட்டை, உள்ளே சொருகிய போன். நானும் வைத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் போன் சூடாகி, மூக்கு வியர்த்து, தலை சுற்றும். ஆனாலும் ஒரு வாரம் விடாமல் பார்த்தேன்.

காத்திருப்பது சென்னைக்குப் புதிது என்று யாரும் கதை விட வேண்டாம். நம் தாத்தாக்களும் அப்பாக்களும் பஜாஜ் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள். போன் கனெக்ஷனுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அப்படித்தான். பெண் பிறந்தபோது எழுதி வைத்த போன் அவள் பள்ளிக்கூடம் போகும்போது வந்தது என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. மார்கழியில் மியூசிக் அகாடமி டிக்கெட்டுக்குப் பனியில் குல்லாய் போட்டு நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே ப்ரீஆர்டர் போட்டுவிட்டு நாள் எண்ணும் பேரனைப் பார்த்து, "இதுக்கெல்லாமா இப்படி அலைவாங்க?" என்று கேட்கும் தகுதி அந்தத் தலைமுறைக்குக் கிடையாது.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பொருட்கள் எல்லாம் வீட்டுக்கு வந்தவை. போன் ஹாலில், பூவேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு உட்காரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் விசிட்டிங் கார்டில் அதை 'பி.பி.' என்று போட்டுக்கொள்வார். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவே ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்தது. அதற்கும் முன்னால், 1930-இல், மாநகராட்சியே வானொலி நடத்தி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்த ஊர் இது. விஆர் ஹெட்செட் அப்படியில்லை. வீட்டுக்கு வந்தாலும் ஒரு நேரத்தில் அது ஒருவருக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம், முகத்தில் கறுப்புப் பெட்டியோடு காற்றில் கை வீசும் ஒரு ஆள்.

இந்த இடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று ஆரம்பிப்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. தெருவே கூடி டிவி பார்த்தது உண்மை. யார் பாயில் உட்கார்ந்தார்கள், யார் வாசல்படியில் உட்கார்ந்தார்கள், யார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள் என்பதும் அதே அளவு உண்மை. சேனல் மாற்றும் உரிமை யாரிடம் இருந்தது? ஹாலில் இருந்த போனில் காதலனோடு பேச முடிந்த பெண் எத்தனை பேர்? கூட்டுக் குடும்பத்தின் கதகதப்பைப் பற்றி அதிகம் எழுதியவர்கள், அதில் தனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருந்த ஆண்கள். எழுத நினைக்கும் பெண்ணுக்குப் பணமும் தனியறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் சொன்னார். நாம் அதை மொழிபெயர்த்தோம், கருத்தரங்கு நடத்தினோம். அறை மட்டும் யாருக்கும் கட்டித் தரவில்லை.

அதனால்தான் அந்த ஏக்கத்தைக் கேலி செய்ய என்னால் முடியாது. அடையாறு காந்தி நகரில் ஒரு நண்பனுக்கு அந்த வருடத் தீபாவளிக்கு ஒரு ஹெட்செட் வந்து சேர்ந்தது. சொந்த வீடு, மாடியில் அவனுக்கென்று அறை. அங்கே போய் மாட்டிப் பார்த்தேன். கடலுக்கடியில் நின்றேன், திமிங்கலம் பக்கத்தில் வந்தது, எல்லாம் சரி. கழற்றியபோது மனதில் நின்றது திமிங்கலம் அல்ல. இருபது நிமிஷம் என்னை யாரும் கூப்பிடவில்லை, அதுதான் நின்றது. காஸ் வந்திருக்கு பாரு, மோட்டார் போடு, தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடு, எதுவும் இல்லை. அந்த அமைதி ஹெட்செட்டிலிருந்து வந்ததா, அவன் அறைக் கதவிலிருந்து வந்ததா என்று வரும் வழியில், பஸ்ஸில், யோசித்துக்கொண்டே வந்தேன். கதவிலிருந்துதான். அறை இருந்தவனுக்குத்தான் ஹெட்செட் வேலை செய்தது.

இதைத் தயாரிப்பவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆப்பிள் 2023 ஜூனில் விஷன் ப்ரோவைக் காட்டியபோது வந்த படத்தைப் பாருங்கள். விசாலமான, சத்தமில்லாத வீடு. சோபாவில் ஒரு ஆள். இன்னொரு காட்சியில் ஒரு அப்பா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே தன் குழந்தைகளைப் படம்பிடிக்கிறார். 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு, முதலில் அமெரிக்காவில் மட்டும், அது விற்பனைக்கு வந்தது. அதன் வெளிப்பக்கம் ஒரு திரை. மாட்டியிருப்பவரின் கண்களை எதிரில் இருப்பவருக்குக் காட்டுவதற்காக! கண்ணை மறைக்கும் பெட்டி செய்து, அதன் மேல் கண்ணை வரைந்து விற்றிருக்கிறார்கள். அறையில் இன்னொரு மனிதர் இருப்பார், அவருக்கு இது அவமானமாக இருக்கும் என்று அவர்களுக்கே உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலுக்குத்தான் அந்தத் திரை.

இன்னும் ஒரு கேள்வி. ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் கண்ணையும் காதையும் மூடிக்கொள்ள யாருக்கு அனுமதி உண்டு? என் அம்மா அந்த அட்டைப்பெட்டியை ஒரு தடவை கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு பனிமலை. "நன்னா இருக்கே" என்றவள் அரை நிமிஷத்தில் கழற்றிவிட்டாள். அடுப்பில் பால் இருந்தது. பால் இல்லாவிட்டால் காலிங் பெல். சமையலறையில் குக்கர் விசிலை எண்ணுகிறவளுக்கு எந்த நிறுவனமும் ஹெட்செட் செய்யாது. அவள் நேரம் அவளிடம் இல்லை. வீட்டு உபயோகப் பொருள் என்கிறார்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருப்பவள் உபயோகிக்க முடியாத பொருளுக்கு அப்படி என்ன பெயர்?

"இப்போதெல்லாம் ஒயர் இல்லை, கம்ப்யூட்டர் வேண்டாம், உட்கார்ந்தபடியே பார்க்கலாம், நீ சொல்வது பழைய கதை" என்று யாராவது சொல்வார்கள். 2019-இல் வந்த குவெஸ்ட்டிலிருந்து அது உண்மைதான். ஆனால் நான் பேசுவது கால் நகர்த்தும் இடத்தைப் பற்றி மட்டுமல்ல. கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைச் சுற்றி நாலு பேர் நடமாடும் ஹாலில், அவன் எங்கேயும் போக முடியாது. "இயர்போனும் இதேதானே" என்றும் கேட்கலாம். ஆமாம், இதேதான். இருநூறு ரூபாய் இயர்போன்தான் இந்த ஊரின் மலிவான தனியறை. மாநகரப் பேருந்திலும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும், ராத்திரிப் பாயிலும் காதில் சொருகிக்கொண்டு ஒரு தலைமுறை அந்தச் சுவரை எழுப்பிக்கொண்டது. ஹெட்செட் அதே சுவரைக் கண் வரைக்கும் உயர்த்தித் தருகிறேன் என்றது. நம்பினோம்.

எனவே என் சண்டை ஏங்கியவர்களோடு இல்லை. அறை கேட்டவனுக்கு அறையின் படத்தை விற்கும் வியாபாரத்தோடும், அந்தக் கேள்வியே காதில் விழாத நம் அறிவுஜீவிகளோடும்தான். வீட்டு வாடகை பற்றி எழுதினால் அது இலக்கியம் ஆகாது, மாயை பற்றி எழுதினால் தத்துவம் ஆகிவிடும் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஒரு இளைஞன் ஏன் இன்னொரு உலகத்துக்குப் போக ஆசைப்படுகிறான் என்று பத்துப் பக்கம் எழுதுகிறவர், அவன் இந்த உலகத்தில் எங்கே படுத்துத் தூங்குகிறான் என்று ஒரு வரி கேட்பதில்லை.

பதில் எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டூர்புரம் போய்ப் பாருங்கள். 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. காலையிலேயே வந்து இடம் பிடிக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி புத்தகம், தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா. நூலகத்தில் இருக்கும் லட்சக்கணக்கான புத்தகங்களில் ஒன்றைக்கூடத் தொடாமல் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் வந்தது ஒரு மேஜைக்காக, ஒரு நாற்காலிக்காக, பேர் சொல்லி யாரும் கூப்பிடாத சில மணி நேரத்துக்காக. அந்த நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக 2011 நவம்பரில் அன்றைய அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடை போட்டதால்தான் இன்று அது நூலகமாக இருக்கிறது. அந்த வழக்கில் காப்பாற்றப்பட்டது புத்தகங்கள் மட்டுமில்லை.

2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்று படிக்கவும் வேலை செய்யவும் ஓர் இடத்தை அரசே திறந்தது. அப்படியென்றால், வீட்டில் இடமில்லை என்பது அரசுக்கும் புரிந்துதான் இருக்கிறது. மயிலாப்பூரில் எத்தனை, தி.நகரில் எத்தனை, வார்டுக்கு ஒன்று எப்போது என்று நாம்தான் கேட்க வேண்டும். புது ஹெட்செட் எப்போது வரும் என்று கேட்கும் அதே அவசரத்தோடு கேட்க வேண்டும். கேட்பவர்களில் என் அம்மா வயதுப் பெண்களும் இருக்க வேண்டும்.

அடுத்த ஹெட்செட் வரும். மறுபடியும் முன்பதிவு, மறுபடியும் அத்தை பையன், மறுபடியும் ஏதோ ஒரு சந்தில் ஒரு பையன் டீப்பாயை பால்கனிக்குத் தூக்குவான். அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி அந்த இடத்தில் யார் படுப்பார்கள் என்று கேளுங்கள்.