தாய்மார்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும்

“பெண்களுக்கு நல்ல புத்தகங்களைக் கொடுங்கள்; மனம் தேறுவார்கள், வாழ்வில் முன்னேறுவார்கள்” என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். சொல்லுகிறவர்களின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: அந்தப் புத்தகத்தை அவள் எப்போது படிப்பது?

நம் தோட்டங்களின் பழைய நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினாள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டாள். பெரட்டில் பேர் கொடுத்து, நிரை பிடித்து, மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டினாள். வாளி சுமந்து ஸ்டோருக்குப் போய்ப் பாலை நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால், துவைப்பும் சமையலும் அவளுக்காகக் காத்திருந்தன. ஆண் தொழிலாளிக்கு அன்றைய வேலை முடிந்தது. பெண் தொழிலாளிக்கு ஒரு வேலை முடிந்து மறு வேலை தொடங்கியது. இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. எத்தனையோ லயங்கள் இடிபட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. மகள்மார் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு செய்கிறார்கள். முதல் வேலை மாறிவிட்டது. வீட்டிலே காத்திருக்கும் அந்த இரண்டாவது வேலை மட்டும் மாறவேயில்லை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. ஆனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, பள்ளியிலிருந்து முதலில் நிறுத்தப்பட்டவள் பெண் பிள்ளைதான். இப்படியே நம் தாய்மாரில் பலருக்கு எழுத்து எட்டாமற் போயிற்று. எழுத்து எட்டவில்லை, துன்பம் எட்டாமல் விட்டதா? 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுடைய மனைவிமார் ஒற்றை ஆளாய் நின்று பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தத் துக்கத்தை அவர்கள் யாரிடம் சொன்னார்கள்? அடுப்பிடம் சொன்னார்கள், பால்மரத்திடம் சொன்னார்கள்.

இத்தகைய துக்கத்துக்குப் புத்தகம் என்ன செய்யும் என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு மூன்று பெண்களைக் காட்டுகிறோம்.

முதலாமவர் வங்காளத்து ராஸசுந்தரி தேவி. 12 வயதில் மணமாகிப் போனவர். 12 பிள்ளைகளைப் பெற்றவர். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரே நம்பிய காலம் அது. அவருக்கோ சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்ற தீராத ஆசை. ஒருநாள் அந்த ஏட்டுக் கட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க, அதிலிருந்து ஓர் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, எவரும் அறியாமல் எழுத்துக் கற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. பின்னாளில் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். ‘அமர் ஜீபன்’ என்ற அந்த நூல் 1876-இல் வெளிவந்தது. வங்க மொழியின் முதல் சுயசரிதை என்று அதைப் போற்றுகிறார்கள். வீட்டு வேலையின் நடுவே உட்கார்ந்து ஒருவாய்ச் சோறு தின்னவும் நேரமில்லாமற் போன நாட்களை அதிலே சொல்லுகிறார். சோற்றுக்கே நேரமில்லாதவர் எழுத்துக்கு நேரத்தைத் திருட வேண்டியதாயிற்று. படிப்பதற்கு ஒரு பெண் திருடியாக வேண்டுமா? இதுதான் நம் கேள்வி.

இரண்டாமவர் நம் தமிழ்ப் பெண்மணி வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-இல் பிறந்தவர், ஐந்து வயதிலேயே திருமணம், பள்ளிப் படிப்பு இல்லை. உள்ளத்தில் கதை இருந்தது, கையிலே எழுத்து ஓடவில்லை. என்ன செய்தார்? தோழி பட்டம்மாளை உட்கார வைத்து, தாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். ‘இந்திர மோகனா’ என்ற நாடகம் அப்படிப் பிறந்ததுதான். பிறகு ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். விடுதலைப் போரில் சிறையும் சென்றார். எழுதத் தெரியாததால் ஒரு பெண்ணின் கதை அழிந்துபோக வேண்டியதில்லை; பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒரு தோழி இருந்தால் போதும். இதை நாம் மறக்கலாகாது.

மூன்றாமவர் பாமா. ஆசிரியையாக இருந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி தொடர்ந்து வருவதைக் கண்டு மனமுடைந்து வெளியேறியவர். மனப்புண்ணை ஆற்றிக்கொள்ளவே தம் கதையை எழுதினார். 1992-இல் வந்த ‘கருக்கு’ அதுதான். பனைமட்டையின் இரு பக்கமும் அறுக்கிற அந்தக் கருக்கையே நூலுக்குப் பெயராக வைத்தார். தனக்கு நேர்ந்தது தன் தலையெழுத்தும் அன்று, தன் குற்றமும் அன்று, மனிதர் செய்து வைத்த கொடுமை என்று ஒரு பெண் கண்டுகொள்ளும்போது புண் ஆறத் தொடங்குகிறது. அதைப் படிக்கிற இன்னொரு பெண்ணுக்கும் அப்படியே.

எனவே எந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்பதற்கு நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. “பொறுத்துப் போ, பொறுமையே பெண்ணுக்கு நகை” என்று போதிக்கும் புத்தகம் வேண்டாம், பொறுத்தது போதும். “உன் மனத்தை மாற்றிக்கொள், எல்லாம் மாறிவிடும்” என்று பளபளப்பான அட்டைக்குள் சொல்லும் இக்காலத்துப் புத்தகங்களையும் நாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. மனம் மாறினால் துணிவு வரும், உண்மை. ஆனால் சம்பளப் பட்டியலை மனம் மாற்றுவதில்லை; சங்கம்தான் மாற்றுகிறது. துன்பத்துக்குக் காரணத்தைக் காட்டி, நீ ஒருத்தி மட்டுமல்ல என்று துணை சேர்க்கிற புத்தகமே நமக்கு வேண்டிய மருந்து.

மருந்துக்கும் எல்லை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அடிக்கிற கையைப் புத்தகம் தடுக்காது. அதற்குச் சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இந்நாட்டில் நிறைவேறியது. அடிபட்ட சகோதரி போலீசில் புகார் கொடுக்கலாம். 15999 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். “குடும்ப விஷயம், வெளியே சொல்லாதே” என்று அவளைத் திருப்பியனுப்பும் கிளைத் தலைவர் எவராவது இருந்தால், அவர் தலைவர் அல்லர்.

இனி நம் கோரிக்கைக்கு வருவோம். இந்நாட்டின் வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை வரம்பு, 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் 45 மணியாகக் குறைந்தது. தொழிலாளர் பெற்ற வெற்றி அது. தோழர்களே, மிச்சமான அந்த மூன்று மணி நேரத்தில் உங்கள் மனைவிக்கு, உங்கள் தாய்க்கு, உங்கள் தமக்கைக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது? முதலாளியிடம் நேரம் கேட்டுப் போராடியவர்கள் நாம். நம் வீட்டிலேயே ஒருத்தி நேரமில்லாமல் நிற்கிறாள் என்றால் நமக்கு அது அழகா?

வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கிறோம், அதிகமில்லை. கிளை அலுவலகமோ, கோயில் மண்டபமோ, அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளமோ, எங்கேயாவது ஒரு விளக்கும் நான்கு பெஞ்சும் போதும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணிக்குத் தாய்மார்கள் கூடட்டும். எழுத்துத் தெரிந்தவள் வாசிக்கட்டும், தெரியாதவள் கேட்கட்டும். கேட்டபின் பேசட்டும்; அழ வேண்டுமென்றால் அழட்டும். தலைமை தாங்க ஆண்பிள்ளை தேவையில்லை. ஆண்பிள்ளைகளுக்கு வேறு வேலை இருக்கிறது: அந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும், அடுப்பைப் பார்த்துக்கொள்வதும்.

இன்னொன்றும் வேண்டும். 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் நம் தோட்டத்துப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினார்கள். சயாமுக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்து காத்திருந்தே நரைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேருடைய கதை புத்தகமாயிற்று? பெரும்பாலோர் சொல்லாமலே போய்விட்டார்கள். இருக்கிற பாட்டிமாரையாவது உட்கார வைத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்லட்டும், பேத்தி பள்ளிக்கூட நோட்டில் எழுதட்டும். பட்டம்மாளின் வேலையை அவள் செய்யட்டும். அந்த நோட்டைக் கிளையில் பத்திரமாய் வைத்து, அடுத்த ஞாயிறு அதையே வாசியுங்கள். வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத புத்தகம் அது.

கிளைச் செயலாளர்கள் இதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பணம் கேட்கவில்லை, நன்கொடைச் சீட்டும் அச்சடிக்கச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கேட்கிறோம். அடுப்படியில் ஏட்டை ஒளித்துப் படித்த காலம் நம் வீட்டிலாவது முடியட்டும்.