கணக்கை விட்டுவிட்டுக் கணினியா?

பெற்றோரே, கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். பிள்ளை கணினித் துறைக்குப் போகவேண்டும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறோம். அதே பிள்ளை படிவம் 4-இல் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, "கூடுதல் கணிதம் எடுக்காதே, ஒரு ஏ போயிடும்" என்று நாமே தடுக்கிறோம். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வரும் நாளில் "எத்தனை ஏ?" என்று கேட்கப்போகும் உறவினருக்காகப் பிள்ளையின் பட்டப்படிப்பையே அடகு வைப்பது நியாயமா?

ஜொகூரில் கூலாயிலும் செடெனாக்கிலும் எழும்பும் தரவு மையங்களைக் கண்டுதான் நமக்கு இந்த ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அங்கே செயற்கை நுண்ணறிவுக்காக ஓடும் இயந்திரங்கள் பெரும்பாலும் என்ன செய்கின்றன தெரியுமா? எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிப் பெருக்கிக்கொண்டே இருக்கின்றன. அணிகள் என்ற பெயரில் அது படிவம் 5 கணித நூலிலேயே இருக்கிறது.

ஸ்கூடாயில் உள்ள யூ.டி.எம். பல்கலைக்கழகத்தின் கணினிப் புலத்தில் சேரும் பிள்ளை நிரல் எழுதப் பழகும்போதே தனிநிலைக் கணிதமும் படித்தாக வேண்டும். அதையொட்டி அணிகள், நிகழ்தகவு, புள்ளியியல் எல்லாம் வரும். கணக்குக்குப் பயந்து கணினிக்கு ஓடிவந்த பிள்ளை அங்கே யாரிடம் போய் அழும்?

"நிரல் எழுதத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்கிறீர்கள். போதாது. பத்து லட்சம் பெயர்களை அகர வரிசைப்படுத்த வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 50,000 கோடி ஒப்பீடுகள். பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, மறுபடி சேர்த்தால் சுமார் 2 கோடியில் வேலை முடிந்துவிடும். இரண்டு நிரல்களும் சரியான விடையைத்தான் தரும். ஆனால் ஒன்று மற்றதைவிட 25,000 மடங்கு கூடுதலாக உழைக்கிறது. எழுதுவதற்கு முன்பே இதைக் கண்டுகொள்ள மடக்கை தெரிந்திருக்க வேண்டும். அந்த மடக்கை எங்கே இருக்கிறது? நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய கூடுதல் கணிதத்தில், படிவம் 4-இலேயே. நிரல் மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது இயந்திரமே நிரல் எழுதித் தருகிறது. அது எழுதியது சரியா, தாங்குமா என்று தீர்ப்புச் சொல்பவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மனீந்திர அகர்வாலும், கணினி அறிவியல் இளநிலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் ஒரு வழிமுறையைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அது பகா எண்ணா இல்லையா என்பதை ஊகம் கலவாமல், நியாயமான நேரத்துக்குள் தீர்மானிக்க முடியும் என்று நிறுவினார்கள். உலகம் வெகுகாலம் காத்திருந்த விடை அது. அவர்கள் கையில் இருந்தது விலையுயர்ந்த இயந்திரம் அல்ல, எண் கோட்பாடு.

கணக்கின்மேல் உண்மையாகவே ஆசை வைத்த பிள்ளைகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். "கணக்குப் படித்தால் வாத்தியார் வேலைதானே" என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்காதீர்கள். (வாத்தியார் வேலைக்கு என்ன குறைச்சல் என்று தனியே சண்டை போடலாம்.) சென்னைக் கணிதவியல் நிறுவனம் கணிதத்தையும் கணினி அறிவியலையும் சேர்த்து ஒரே இளநிலைப் பட்டமாகத் தருகிறது. அப்படி ஒரு படிப்பு இருப்பதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோம்?

கூடுதல் கணிதம் கடினம்தான், மறுக்கவில்லை. முதல் சோதனையில் 30 வாங்கிக்கொண்டு வந்தால் பாடத்தை மாற்றச் சொல்லிப் பள்ளிக்கு ஓடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை இழுக்காதீர்கள். அன்று இரவே அந்தத் தாளை மேசையில் விரித்து, எந்த வரியில் தடுக்கியது என்று பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கடைசிவரை கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே பிழை எங்கே என்று பல நேரம் பிள்ளைக்கே பிடிபட்டுவிடும்.