இருபத்திரண்டு மொழியும் ஒரு லேப் தேர்வும்

2025 நவம்பரில் அரசிதழில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை இதற்குள் எல்லோரும் ஒரு முறையாவது புரட்டியிருப்பீர்கள். தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய விதிகள் உடனே அமலுக்கு வந்துவிட்டன. ஒப்புதல் மேலாளர்களுக்கு ஓராண்டு. நம் கழுத்தைப் பிடிக்கும் மற்ற விதிகளுக்கு 18 மாதம், அதாவது 2027 மே. 2025-ல் எம்.சி.ஏ. முதலாண்டில் சேர்ந்த பிள்ளைகள் கடைசி செமஸ்டர் வைவா முடித்து வெளியே வருவதும் அந்தக் கோடையில்தான். வேலைக்குப் போய் அவர்கள் எழுதும் முதல் ஃபார்மே இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே மொபைல் வலைச்செயலி உருவாக்கம் என்ற முதுநிலைத் தாளை எடுக்கிறவர்கள், அடுத்த ரெகுலேஷன் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

என்கிரிப்ஷன், அணுகல் கட்டுப்பாடு, ஓராண்டுக்கு லாக், மீறல் நடந்தால் 72 மணி நேரத்தில் வாரியத்துக்கு விவர அறிக்கை: இவை சர்வர் பக்கத்து வேலைகள். 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற பயமே இவற்றைச் செய்யவைத்துவிடும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் என்பதற்குத் தனி இதழே போடலாம். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

மொபைல் வலைக்கே உரிய சிக்கல், ஒப்புதலைத் திரும்பப் பெறுவதில் இருக்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் ஏறத்தாழ அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது விதி. இணையம் இல்லாமலும் ஓடும் பி.டபிள்யூ.ஏ.வில் பயனரின் தரவு இண்டெக்ஸ்டு-டி.பி.யில் கிடக்கிறது. சர்வீஸ் வொர்க்கரின் கேஷில் போன மாதத்து அறிவிப்புப் பக்கம் கிடக்கிறது. பயனர் சிக்னல் இல்லாத இடத்தில் 'திரும்பப் பெறு' என்பதைத் தட்டினால் சர்வரில் அழிப்பது யார், எப்போது? புதிய அறிவிப்பு வெளியான பிறகும் கேஷ் பழையதையே காட்டினால், அவர் எதற்கு ஒப்புதல் கொடுத்தார்? சர்வீஸ் வொர்க்கரை அரை மணி நேரத்தில் நடத்தி முடிக்கிற வகுப்பில் இந்தக் கேள்விகள் எழவே எழாது. சட்டம் வந்ததில் எனக்குள்ள முதல் மகிழ்ச்சி, இனி எழுந்துதான் ஆகவேண்டும் என்பது.

இரண்டாவது காரணம், இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப எழுதிச் சிலருக்குச் சலித்தும் போன விஷயம். சட்டத்தின் 5(3), 6(3) பிரிவுகளைப் பாருங்கள். அறிவிப்பையும் ஒப்புதல் வேண்டுகோளையும் ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவு உரியவருக்குத் தரவேண்டும். வாய்ப்பு அவருடையது, நிறுவனத்துடையதன்று. ஆங்கிலத்தில் போட்டிருக்கிறோமே, போதாதா என்று கேட்கும் வாசிப்பை இந்த இதழ் ஏற்கவில்லை. ஆங்கிலத்தோடு 22 மொழிகளும் பட்டியலில் இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இது ஏட்டளவுக் கேள்வியாக நிற்பதில்லை. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். கிருஷ்ணகிரி டவுனில் உருது கேட்கிறது. பாகலூர், பேரிகை ரோஜாத் தோட்டத்துக் கணக்கை ஒரு மொழியில் பேசி இன்னொரு மொழியில் எழுதுகிறார்கள். சிப்காட் ஷிப்ட் பஸ்ஸில் ஒடியாவும் வங்காளமும் சர்வசாதாரணம். ஓசூர் அருகே ஐபோன் பாகங்கள் செய்யும் ஆலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து எடுப்பதாக 2022-ல் ஒன்றிய அமைச்சரே சொன்னார். சந்தாலி 2003-லேயே அட்டவணையில் சேர்ந்துவிட்டது. முண்டாரியும் ஹோவும் இன்னும் வெளியே நிற்கின்றன. ஹாஸ்டல் வார்டன் ஆப்பில் போன் நம்பரும் ஆதாரும் கேட்கும்போது அந்தப் பெண் எதைப் படித்துவிட்டுத் தட்டுகிறாள்?

இதற்கு நம் பட்டதாரி தயாரா? முனியம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 6 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 11 என்கிறது. யூடிஎஃப்-8-ல் 33 பைட். மேக்ஸ்லெங்த் 10 என்று போட்ட பெட்டி, கடைசி ளகரத்தின் புள்ளியைத் தின்றுவிட்டு முனியம்மாள என்று சேமிக்கும். இன்டல்.செக்மென்டர் எல்லா முக்கிய பிரவுசரிலும் வந்துவிட்ட பிறகும் நான் பார்த்த ரெக்கார்டு நோட்டுகளில் அது ஒன்றில்கூட இல்லை. மாணவர்களுக்குப் பிடித்த பாப்பின்ஸ் எழுத்துருவில் லத்தீனும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. தலைப்பு ஒரு முகத்திலும் உள்ளடக்கம் வேறு முகத்திலும் வந்து நிற்கும். 120 பிக்சல் என்று அகலம் கட்டிய பட்டனில் 'ஐ அக்ரீ' அடங்கும். அதன் தமிழ் வடிவம் இரண்டு வரியாக மடிந்து பாதி மறையும். லைன்-ஹைட்டை ஆங்கிலத்துக்கு இறுக்கிவைத்தால் தெலுங்கின் கீழ் ஒத்துகள் வெட்டுப்படும். உருதுவுக்குப் பக்கமே திரும்ப வேண்டும். மார்ஜின்-லெஃப்ட் என்று எழுதிப் பழகியவர் மார்ஜின்-இன்லைன்-ஸ்டார்ட் என்பதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இவற்றில் எதுவும் ஆராய்ச்சி இல்லை. நான்கு லேப் வகுப்பில் முடிகிற கைவேலை.

குறுக்குவழியாக மொழிபெயர்ப்பு விட்ஜெட் ஒன்றைச் செருகிவிடலாம் என்பார்கள். 6(10)-ஐப் படித்துவிட்டுச் செருகட்டும். அறிவிப்பு கொடுத்தோம், ஒப்புதல் வாங்கினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு தரவுப் பொறுப்பாளருடையது. விட்ஜெட் அன்று அந்தப் போனில் என்ன வாக்கியத்தைக் காட்டியது என்பதற்கு உங்கள் சர்வரில் சாட்சி ஏது? மொழிக் குறியீடு, அறிவிப்பின் பதிப்பு எண், நேரம் மூன்றும் ஒப்புதல் பதிவோடு சேர்ந்தே சேமிக்கப்பட வேண்டும். ஒன்றிய அரசு 2022-ல் தொடங்கிய பாஷினி மொழிபெயர்ப்புத் தளத்தை முதல் வரைவுக்குப் பயன்படுத்துங்கள், தவறில்லை. மொழி தெரிந்த ஒருவர் படித்துக் கையெழுத்திடாமல் வெளியே விடாதீர்கள்.

ஓசூரில் வேலைவாங்குபவர்கள் இன்னொரு கதவையும் தட்டுவார்கள்: 7(i). பணி தொடர்பான நோக்கங்களுக்கு ஒப்புதல் தேவையில்லை என்கிறது அது. மேன்பவர் கான்ட்ராக்டரின் வருகைப்பதிவு ஆப் அதற்குள் அடங்கலாம். அதே ஆப்பில் ஒட்டியிருக்கும் கடன் விளம்பரமும் ஷிப்ட் முடிந்த பிறகும் ஓடும் இருப்பிடக் கண்காணிப்பும் பணி நோக்கமா? கிளையண்ட் சொன்னார் என்று கோட் எழுதிக்கொடுப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியிருக்க வேண்டும். அதைப் பழக்கும் இடம் முதுநிலை வகுப்பு.

இனி, சொல்லாமல் இருக்க முடியாதது. இப்படி ஒரு கடமையை விதிக்கிற அரசு, அதை நிறைவேற்றும் கைகளை எங்கே தயார்செய்தது? ஏ.ஐ.சி.டி.இ. 2020-21 முதல் எம்.சி.ஏ.வை மூன்றாண்டிலிருந்து இரண்டாக்கியது. ஆறு செமஸ்டர் நாலானது. கடைசி ஒன்று பிராஜெக்டுக்குப் போனால் பாடத்துக்கு மூன்று. வெட்டியபோது முதலில் விழுந்தவை எலெக்டிவ்கள்; மொபைல் வலை அதில்தான் ஒதுங்கியிருந்தது. 2024-25 முதல் பி.சி.ஏ.வுக்கும் தன் அனுமதி வேண்டும் என்றது அதே அமைப்பு. அனுமதிக்கு வகுப்பறையின் சதுர அடியை அளக்கிறவர்கள், அந்த வகுப்பறையில் இந்திய மொழியில் ஒரு ஃபார்மாவது சரியாக ஓடுகிறதா என்று ஒரு தரம் கேட்டதுண்டா?

மாநிலத்தை மட்டும் விட்டுவிடுவதற்கில்லை. 1999-ல் தமிழ்99 விசைப்பலகை, 2010-ல் யூனிகோடுக்கும் டேஸ்16-க்கும் அரசாணை, 2024 பிப்ரவரியில் சென்னையில் கணித்தமிழ் மாநாடு. மேடைக்குக் குறைவில்லை. அந்த மேடையிலிருந்து பாடத்திட்டக் குழு அறைக்கு ஒரு பக்கக் குறிப்புகூட நடந்து வரவில்லை. ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில் தமிழ் உரை கையாளுதலை ஒரு அலகாகச் சேர்க்கச் சொன்னேன். அது தமிழ்த்துறைக்காரர் வேலை ஆயிற்றே என்றார் ஒரு மூத்தவர். அறையே சிரித்தது. மேக்ஸ்லெங்த்தைத் தமிழ்த்துறைக்கு எப்படி மாற்றுவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டமும் தன் பின்வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. 17(3)-இன்படி புத்தொழில் நிறுவனங்கள் உள்ளிட்ட சிலருக்கு ஐந்தாம் பிரிவிலிருந்து அரசு விலக்கு தரலாம். அறிவிப்பே போய்விட்டது, இனி மொழி எதற்கு என்று சிலர் இப்போதே கணக்குப் போடுகிறார்கள். விலக்குப் பட்டியலை மறுபடி படியுங்கள்: அதில் ஆறாம் பிரிவு இல்லை. ஒப்புதல் வேண்டுகோளின் மொழிக் கடமை அப்படியே நிற்கிறது.

தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே இந்த ஆண்டு மாற்றிவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. இணைப்புக் கல்லூரிகளுக்குத் தாளை மாற்றும் அதிகாரம் இல்லை, ஆனால் லேப் பயிற்சிகளையும் பிராஜெக்ட் மதிப்பீட்டையும் துறையே வகுத்துக்கொள்ளலாம். வரும் ஏப்ரல், மே வைவாவுக்குப் புறத்தேர்வாளராகப் போகிறவர்களிடம் இந்த இதழ் கேட்பது இதுதான். பிபிடியை மூடச்சொல்லுங்கள். மாணவரின் சொந்தப் போனில் செயலியைத் திறந்து, மொழியைத் தெலுங்குக்கோ உருதுவுக்கோ மாற்றி, ஒப்புதல் கொடுக்கச் சொல்லுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒப்புதலைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். இணைப்பு வந்ததும் இண்டெக்ஸ்டு-டி.பி.யையும் சர்வர் டேபிளையும் அடுத்தடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். இதற்கு உங்கள் துறை எத்தனை மதிப்பெண் ஒதுக்கியது என்பதை எழுதி அனுப்புங்கள். கல்லூரி வாரியாக மார்ச் இதழில் வெளியிடுகிறோம். ஒதுக்க முடியாது என்று சொன்ன துறைகளின் காரணத்தையும் சேர்த்தே வெளியிடுவோம்.