சிவப்பு மை மட்டும் போதுமா?

எட்டு வயசுப் பிள்ளைக்கு "கோடிங்" வகுப்பு! மூன்றாம் வகுப்புப் பொடிசு கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத வேண்டுமாம். 2020-ல் ஊரடங்கில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, செல்போனைத் திறந்தால் இந்த விளம்பரம்தான். அன்று பிடித்த காய்ச்சல் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை போகுது, நம்ம பிள்ளை போகாவிட்டால் எப்படி என்று கடன் வாங்கிக் கட்டுகிறவர்களும் உண்டு.

கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வாங்க வேண்டிய சரக்கு எது என்று தெரிந்துகொண்டு கட்டலாமே?

கட்டளைகளை மனப்பாடம் பண்ணுவது சரக்கு இல்லை. இன்றைக்குக் கேட்டால் எந்திரமே புரோகிராம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்பு வந்தால் பதறாமல், அது எந்த இடத்தில் நுழைந்தது என்று தேடிப் பிடிப்பது. அதுதான் சரக்கு.

90 ரூபாய் இடிக்குதே!

இது நம்ம மளிகைக்கடை அண்ணாச்சிக்குப் புதுசு இல்லை. ராத்திரி கடை கட்டும்போது நோட்டுக்கும் கல்லாவுக்கும் 90 ரூபாய் இடிக்கிறது. அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்காருவதில்லை. 90, ஒன்பதால் மீதி இல்லாமல் வகுபடும். அப்படியானால் எண் இடம் மாறியிருக்கலாம். 540 என்பதைக் கடைப்பையன் 450 என்று எழுதியிருப்பான். முதலில் அதைத் தேடுகிறார். கிடைக்கவில்லையா? மத்தியானம் கல்லாவை எண்ணிக் குறித்து வைத்திருப்பார். அதுவரை கணக்கு சரி என்றால், தப்பு சாயங்கால வியாபாரத்தில். பாதி வேலை மிச்சம்! ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கும் இந்த வித்தை தெரியும்.

ஆமை வரைந்த முக்கோணம்

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியும் என்றார் சீமோர் பேப்பர்ட். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அது வேறு.) சகாக்களுடன் சேர்ந்து 1967-ல் குழந்தைகளுக்காகவே "லோகோ" என்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கினார். சில வருஷத்தில் அதில் ஓர் ஆமையும் வந்து சேர்ந்தது. தரையில் ஊர்ந்து கோடு போடும் எந்திர ஆமை. பிறகு திரையிலேயே ஊர்ந்தது.

"100 அடி முன்னே போ, 90 டிகிரி வலது பக்கம் திரும்பு." இப்படி நாலு தடவை சொன்னால் சதுரம். சரி, மூன்று பக்கமும் சமமான முக்கோணம்? மூலை 60 டிகிரி என்று படித்த பிள்ளை, "60 திரும்பு" என்று மூன்று தடவை போடும். வருவது முக்கோணம் அல்ல. வாய் திறந்த கிண்ணம் மாதிரி பாதி அறுகோணம்!

இப்போது பிள்ளை தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்க்க வேண்டும். 60 என்பது மூலைக்கு உள்ளே இருக்கிற கோணம். உடம்பு திரும்புவதோ 120. ஒரு சுற்று சுற்றினால் 360, மூன்றால் வகுத்தால் 120. நடந்து கண்டுபிடித்த பிள்ளைக்கு இது சாகும்வரை மறக்காது. எழுதியது சரியா தப்பா என்பதல்ல, அதைச் சரிப்படுத்த முடியுமா என்பதே கேள்வி என்று 1980-ல் ஒரு புத்தகமே எழுதினார் பேப்பர்ட்.

லோகோவின் வாரிசு "ஸ்கிராட்ச்". 2007-ல் அதே எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது. காலணா செலவில்லை. இங்கே ஆமைக்குப் பதில் பூனை. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே பாடமாக இருக்கிறது. என்ன பிரயோஜனம்? ஸ்கிராட்ச் என்றால் என்ன என்று உருப்போட்டு எழுதினால், பூனை ஓர் அடிகூட நகராமலே மார்க் வந்துவிடும்!

நம்ம பரீட்சைத் தாளைப் பாருங்கள். நீள வகுத்தல் கணக்கு. மூன்றாவது வரியில் கழித்தலில் ஒரு சறுக்கல். சிவப்பு மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி. கதை முடிந்தது. வீட்டில் "எத்தனை மார்க்?" என்கிறோம். "எந்த வரியிலே சறுக்குச்சு?" என்று கேட்பதில்லை. பத்து வயசிலேயே "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

வாத்தியாரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு தாளாக அவர் எங்கே தேடுவார்? பிள்ளைகளே தேடட்டும். பரீட்சை முடிந்து தாள் கொடுத்த பிறகு ஒரு பீரியடு ஒதுக்குங்கள். சறுக்கிய வரியைக் கண்டுபிடித்துத் திருத்திக் காட்டினால், போன மார்க்கில் பாதி திரும்பக் கிடைக்கட்டும். இதற்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

வீட்டிலும் செய்யலாம். பஸ் ஸ்டாப்புக்குப் போக வழி எழுதச் சொல்லுங்கள். எழுதியபடியே, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் நடங்கள். "நேராப் போ" என்று மட்டும் எழுதியிருந்தால் எதிர்வீட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நில்லுங்கள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடித்துத் தானே திருத்தி எழுதும்.

அப்படியும் கோடிங் வகுப்பில்தான் சேர்ப்பேன் என்கிறீர்களா? பணம் கட்டும் முன் அங்கே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளை எழுதினது ஓடலைன்னா என்ன சார் செய்வீங்க?" "நாங்களே சரிபண்ணிக் கொடுத்துடுவோம்" என்று பதில் வந்தால், பர்சை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.