மெட்ரோவுக்கு டெல்லி தடை, காலனி பஸ்ஸுக்கு யார் தடை?

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அமித் ஷா அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில். ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். கோவை மெட்ரோ திட்ட அறிக்கையோ 2025 நவம்பரில் திரும்பி வந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று: 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லை. அதன்பின் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் பிழைக்க வந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இந்தத் தாமதத்தை நாம் எதிர்க்கிறோம்.

ஆனால் அவினாசி ரோட்டு மெட்ரோ வந்தாலும் நீலம்பூரோடு நின்றுவிடும். சோமனூரில் நமக்கு பஸ்தான். 2017 செப்டம்பரில் இங்கே பஸ் நிலையக் கூரை இடிந்து 5 பேர் செத்தார்கள். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். காலனிக்கு வராத பஸ்ஸில் இலவசம் இருந்தென்ன? ஊரோடு திரும்பும் பஸ்ஸைக் காலனி வரை நீட்ட டெல்லியின் கையெழுத்து வேண்டியதில்லை. ஆனாலும் நம் மனுக்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்பதே பதில்.

ஒன்றிய அரசிடம் கேட்கும் வேகத்தை மாநில அரசிடமும் கேட்போம். மனுவுக்குக் கெடு வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும்.

தோழர்களே, உங்கள் காலனியிலிருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஷிப்ட் முடிந்து இருட்டில் நடப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குச் சேர்ந்தே போவோம்.